சிடி ரைட் ஆகும்வரை

ஃபிட்டர் வீட்டில் சிடி ரைட் ஆகும்போது ஈ பறந்தால்கூட அதை மிரட்டி உட்காரவைத்துவிடுவார்கள் என்று அந்தத் தெருவில் ஒரு கேலி உண்டு. கேலி செய்கிறவர்களும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வீட்டுக்கு வருவதென்றால் செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு, திருடப் போகிறவர்கள் மாதிரிதான் படியேறுவார்கள்.

வீடு மாடியில். கீழே அச்சகம். மாடிக்குப் பலகைத் தரை. இந்த மூலையில் ஒருவர் தும்மினால் அந்த மூலையில் டம்ளர் ஆடும். வாரம் பூராவும் கீழே இயந்திரம் தடக்தடக்கென்று ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் குரலை ஏற்றினால்தான் வீட்டுக்குள் உப்புக்கூடக் கேட்டு வாங்க முடியும். அச்சகத்துக்கு விடுமுறை ஞாயிறு ஒன்றுதான் என்பதால் சிடி வேலையும் ஞாயிற்றுக்கிழமைதான்.

ஃபிட்டர் நூல் மில்லில் இயந்திரம் பழுது பார்க்கிறவர். நாள் முழுக்க அந்த இரைச்சலில் நின்று நின்று, சாதாரணமாகப் பேசுவதே சண்டை போடுகிற மாதிரி இருக்கும். ஆனால் பாட்டென்றால் மனிதருக்கு உயிர். பழைய கேசட், அவரிவரிடம் வாங்கின சிடி என்று எங்கெங்கிருந்தோ பாட்டைச் சேர்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெற்று சிடியில் பதிவார்; அதுதான் ரைட் பண்ணுவது. எதற்குப் பிறகு எது வர வேண்டும் என்று வாரம் பூராவும் யோசிப்பார். "முதல் பாட்டு காலைல குடிக்கிற டீ மாதிரி இருக்கணும். எடுத்த எடுப்புல அழுமூஞ்சிப் பாட்டைப் போட்டா எவன் கேப்பான்?" என்பார். மில்லில் எத்தனையோ ஃபிட்டர்கள் உண்டு. ஆனால் மில் வேனில் ஓடுகிற சிடி இவர் போட்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன்கூட, "அண்ணே, எனக்கொரு சிடி போட்டுத் தாங்கண்ணே" என்று வந்து நிற்பான். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டர் பழசு. ஃபிட்டரின் மனைவிக்கு ஒரு தம்பி, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். எவனோ வேண்டாமென்று போட்டுவிட்டுப் போனதைத் தட்டிக்கொட்டிச் சரிபண்ணி, சிடி ரைட்டர் ஒன்றையும் அதில் மாட்டிக் கொண்டுவந்து வைத்தது அவன்தான். ஒரு சிடி முடிவதற்குள் ஒரு பானை சோறு வடித்து இறக்கிவிடலாம். அதிலும் பாதி நேரம், முக்கால்வாசி ஓடினபிறகு திரையில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி வந்து நிற்கும். அவ்வளவுதான், அந்த சிடி குப்பை.

ஏன் கெட்டுப்போகிறது என்று ஃபிட்டர் தன் மில் மூளையை வைத்துக் கண்டுபிடித்தார். நூல் இயந்திரத்தில் ஒரு போல்ட் ஆடினால் நூல் அறுந்துபோகும். இங்கே தரை ஆடுகிறது, மேஜை ஆடுகிறது, சிடியில் பாட்டு அறுந்துபோகிறது. அன்றிலிருந்து வீட்டில் சட்டம்: ரைட் ஆகும்போது யாரும் நடக்கக் கூடாது, பேசக் கூடாது, கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது.

பெரியவர்கள் இருவருக்கும் இது ஒரு பாடு என்றால், அவர்கள் மகளுக்கு இது பெரும்பாடு. ஏழு வயசு. வாலு என்று பேர் வாங்கினவள். நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும். பேசத் தெரியாது, கத்தத்தான் தெரியும். அவளை எப்படிச் சும்மா உட்காரவைப்பது? அதற்கு வழி கண்டுபிடித்தது அவள் அம்மா.

அம்மாவைத் தெருவில் தையல்காரி என்பார்கள். கையுறைக் கம்பெனியில் வேலை. அங்கே அவள் தைப்பது கட்டைவிரல் மட்டும். மற்ற நான்கு விரலும் நேர்த் தையல், யார் வேண்டுமானாலும் ஓட்டிவிடலாம். கட்டைவிரல் வளைந்து ஏறுகிற இடம்தான் கஷ்டம் என்று அதை அவளிடம் கொடுத்திருந்தார்கள். பொறுமைசாலி. அவள்தான் மகளைக் கூப்பிட்டு, "நாம ஒரு விளையாட்டு விளையாடலாமா? சிலை விளையாட்டு. சிடி உள்ள போனதும் நாம மூணு பேரும் சிலை. யாரு முதல்ல அசையறாங்களோ, சத்தம் போடறாங்களோ, அவங்க அவுட்டு. கடைசிவரைக்கும் சிலையா இருந்தா ஜெயிச்ச மாதிரி" என்று சொல்லிக்கொடுத்தாள்.

வாலுவுக்கு ஜெயிப்பதென்றால் சோறு வேண்டாம். கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, கண்ணை மட்டும் திரையில் வைத்திருப்பாள். யாரும் தொடாமல் கொஞ்ச நேரம் விட்டால் திரையில் நீலத் தண்ணீர் வந்து மீன்கள் நீந்தும். மருமகள் பார்க்கட்டும் என்று மாமன்காரன் போட்டுவைத்த மீன். அதைப் பார்த்தபடி சிலையாகிவிடுவாள். "பாருய்யா, வாலை எப்படி ஒட்ட நறுக்கிட்டேன்" என்று ஃபிட்டர் மில்லில் போய்ப் பெருமையடித்துக்கொண்டார்.

போன ஞாயிறு ஒரு தப்பு நடந்துவிட்டது. பாதியில் வெளியே யாரோ பந்தடிக்கிற சத்தம் கேட்டு, வாலு தன்னை மறந்து எழுந்து ஜன்னலுக்கு ஓடினாள். அதே நேரம் சிவப்புக் குறி வந்தது. அந்த சிடி யாருக்கென்றால், மில்லில் ஓய்வு பெறப்போகிற சூப்பர்வைசருக்கு. அவரே வாயைத் திறந்து கேட்ட பாட்டுகள். ஃபிட்டருக்கு வந்ததே கோபம்! கெட்டுப்போன சிடியை வெளியே எடுத்து, மகள் கண் முன்னால் இரண்டு கையாலும் வளைத்துப் பட்டென்று ஒடித்தார். தெறித்த சில்லு சுவரில் பட்டது.

"இன்னொரு தடவை அசைஞ்சே, தொலைச்சுருவேன்" என்று கத்தினார்.

அடிக்கவில்லை. ஒருநாளும் அடித்ததில்லை. ஆனால் வாலு அன்று ராத்திரி சாப்பிடவில்லை. தையல்காரி சில்லெல்லாம் பெருக்கி எடுத்தாள். பெரிய பாதி ஒன்றை மட்டும் ஃபிட்டர் வாங்கி, மேஜையின் குட்டைக் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். மேஜை ஆடுவது நின்றது. "பாத்தியா, கெட்டதும் ஒண்ணுக்கு உதவுது" என்றார். தையல்காரியும் ஆமாமென்று சிரித்தாள்.

இந்த ஞாயிறு காலையிலிருந்தே மழை. மறுநாள் சூப்பர்வைசருக்கு வழியனுப்பு. விட்டால் வேறு நாள் கிடையாது. தையல்காரி ரொட்டியும் முட்டையும் சீக்கிரமே முடித்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். ஃபிட்டர் வாலுவைக் கூப்பிட்டார்.

"ஒண்ணுக்குப் போயிட்டு வந்துட்டியா?"

"போயிட்டேன்ப்பா."

"தண்ணி குடிச்சியா? அப்புறம் நடுவுல தாகம், விக்கல்னு எதுவும் வரக் கூடாது."

"குடிச்சிட்டேன். இன்னிக்கு நான் அசையவே மாட்டேன்ப்பா. பந்து சத்தம் கேட்டாக்கூட."

"மழைல எவன்டி பந்து அடிக்கப் போறான்?" என்றாள் தையல்காரி. "வாம்மா, ஸ்வெட்டரைப் போட்டுக்க. குளிருது."

"என்னங்க," என்று கணவனிடம் திரும்பினாள். "அதட்டாம இருங்க. போன வாரத்துலேர்ந்து பிள்ளை ஒரு மாதிரியா இருக்கா."

"நான் என்ன அதட்டினேன்? இதுதான் என் குரல். மில்லுல வந்து நின்னு பாரு, உனக்கும் இப்படித்தான் ஆகும்."

"மில்லுல கத்துங்க. இது வீடு."

"சரி தாயே. சிலை ஆகறதுக்கு முன்னாடி பேசறதெல்லாம் பேசித் தீத்துரு."

மூன்று பேரும் சிரித்தார்கள். ஃபிட்டர் புது சிடியை விரல் படாமல் ஓரத்தில் பிடித்து ஊதி உள்ளே வைத்தார். தட்டு உள்ளே போயிற்று. உள்ளிருந்து உய்யென்ற சத்தம் ஏறியது. ஃபிட்டர் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டார். தையல்காரி கட்டிலில் சாய்ந்து, வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த கையுறைகளில் நூல் பிசிறு வெட்டத் தொடங்கினாள். சத்தமில்லாத வேலை என்பதால் அதற்கு மட்டும் அனுமதி உண்டு. வாலு வழக்கமான இடத்தில், அம்மாவுக்கு முதுகைக் காட்டி, மேஜைக் கால் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் கீழே வேன் நிற்கிற சத்தம். படியில் யாரோ ஏறி வந்து, கதவை ஒரு விரலால் டொக்கென்று தட்டினார்கள். ஃபிட்டர் பல்லைக் கடித்தார். வெளியே தையல்காரியின் தம்பி குசுகுசுத்தான். "நான்தான் அத்தான். ரைட் ஆவுதா? சரி சரி, நான் படியிலேயே உக்காந்திருக்கேன்." தையல்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். தான் அவுட்டாகிவிட்டால் மகள் அப்புறம் நாள் பூராவும் கேலி செய்வாள் என்று அடக்கினாள்.

திரையில் மீன் வந்தது. மழை இருட்டில் அந்த நீல வெளிச்சம் மட்டும் அறையில். வாலு மெல்ல முன்னால் சாய்ந்தாள். ஒரு கை மேஜைக் காலுக்குப் போயிற்று. தோள் ஒரு தடவை தூக்கிப்போட்டது. தும்மலை அடக்குகிறாள் என்று தையல்காரி நினைத்தாள். பிறகு கை மடிக்குப் போயிற்று. குறுகி உட்கார்ந்தாள்.

அப்புறம் ஒரு தடவை தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள். கண் பெரிதாக விரிந்திருந்தது. உதடு ஏதோ சொல்ல வருகிற மாதிரி குவிந்தது.

தையல்காரி சிரித்துக்கொண்டே, ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள்.

வாலு தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். எவ்வளவு சமர்த்து என்று அம்மா மனசுக்குள் கொஞ்சிக்கொண்டாள். இரண்டு ஜோடிக் கையுறைக்குப் பிசிறு வெட்டி முடிகிறவரை அந்த நல்ல நினைப்பு அவளுக்கு இருந்தது.

கம்ப்யூட்டரில் மணி அடித்தது. தட்டு வெளியே வந்தது. ஃபிட்டர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தார். வீடே அதிர்ந்தது.

"வந்துருச்சுடா! மச்சான், உள்ள வாய்யா! எவன்டா சொன்னது என் வீட்டுல சிடி தங்காதுன்னு?"

தம்பி கதவைத் திறந்துகொண்டு வந்தான். தையல்காரி எழுந்தாள். வாலு எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தினாள். முகம் வெள்ளைத் துணி மாதிரி இருந்தது.

"நான் ஜெயிச்சுட்டேன்ம்மா" என்றாள். "மேஜை ஆட ஆரம்பிச்சுது. முட்டு வெளிய வந்துருச்சு. நான் கையாலயே தள்ளிச் சரி பண்ணிட்டேன். சத்தமே போடலை."

மடியிலிருந்து கையை எடுத்தாள். ரத்தத்தில் முக்கால்வாசியைச் சிவப்பு ஸ்வெட்டர் குடித்திருந்ததாலும், மழை இருட்டாலும்தான் யாருக்கும் தெரியவில்லை. உள்ளங்கையில், சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் கீழே, ஒடிந்த சிடியின் விளிம்பு குறுக்கே ஆழமாக அறுத்திருந்தது. பலகையிடுக்கில் ரத்தம் கோடாக ஓடிக் கட்டிலடிவரை வந்திருந்தது. தையல்காரியின் கால் அதில்தான் நின்றுகொண்டிருந்தது.

அவளுக்குக் கத்த வரவில்லை. ஃபிட்டர் தூக்கின கையை இறக்கக்கூட மறந்து நின்றார். தம்பிதான் பாய்ந்து பிள்ளையை வாரினான். "அக்கா, துணி! துணி குடுக்கா! ஏன் நிக்கிற?" கையில் இருந்தது கையுறைதான். அதையே வைத்து அழுத்திக்கொண்டு, தம்பியின் வேனில் ஓடினார்கள்.

தம்பி வேனை ஓட்டினான். வாலுவுக்கு அம்மா மடியில் கண் செருகியது. ஃபிட்டர் அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். "தூங்காதடா. அப்பாவைப் பாரு. ஏதாவது பேசு. வாலு, பேசுடா." பேசாதே பேசாதே என்று சொன்ன வாய் அது. தையல்காரி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காயத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எப்ப ஆச்சு?" என்பதுதான்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"தெரியலைங்க" என்றார் ஃபிட்டர்.

"தெரியலைன்னா? வீட்டுல யாரும் இல்லையா?"

"எல்லாரும் இருந்தோங்க. அதே ரூம்லதான்."

டாக்டரம்மா தன் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு அவர்களை ஏற இறங்கப் பார்த்தார். "விரலை மடக்கற நரம்பு ரெண்டு அறுந்திருக்கு. பெரிய ஆம்பளையே ஊரைக் கூட்டுவான். இந்தப் பொண்ணு கத்தவே இல்லையா? இங்க வந்து ஊசி போட்டப்பவும் கத்தலை, பல்லைக் கடிச்சுக்கிட்டு எங்களையே பாக்குது." குரலைத் தாழ்த்தினார். "உண்மையைச் சொல்லுங்க. பிள்ளையை அடிப்பீங்களா?"

"ஐயோ, சத்தியமா இல்லைங்க!"

"அப்புறம் எதுக்கு இவ்வளவு பயம்?"

சிடி என்று ஃபிட்டர் எப்படிச் சொல்வது? பாட்டு சிடி கெட்டுப்போகக் கூடாது என்று பிள்ளை ரத்தம் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது என்று எந்த வாயால் சொல்வது? நர்ஸம்மா ஒருத்தி வாலுவைத் தனியாக வைத்து என்னென்னமோ விசாரித்துவிட்டுத்தான் ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோனாள்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நரம்பைச் சேர்த்துத் தைக்கிறார்கள், விரல் மடங்குமா மடங்காதா என்பது போகப் போகத்தான் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். தையல்காரி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக எத்தனை ஆயிரம் கைகளுக்குத் தைத்திருப்பாள். இரண்டு விரல் மடங்காத கைக்கு எந்த அளவில் தைப்பது என்று புத்தி தானாகக் கணக்குப் போட்டது. தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

"நான் அசையாதன்னு சொன்னது நடக்கறதைத்தான்" என்றார் ஃபிட்டர். "தரை ஆடக் கூடாதுன்னுதான். செத்தாலும் கத்தாதன்னா சொன்னேன்? சிடி கெட்டுப்போகுதேன்னுதான்..."

"அத்தான்." தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நடந்தா சிடி கெடாது அத்தான்."

"என்னது?"

"தரை ஆடறதெல்லாம் இல்லை. ஓடற பஸ்ஸுலகூட ரைட் பண்ணலாம். அது பழைய மெஷினு, மெமரி கம்மி. ரைட் ஆகும்போது வேற வேலை எது குடுத்தாலும் திணறும். யாரும் தொடாம விட்டா ஸ்கிரீன்ல மீன் வரும்ல? அதை ஓட்டறதுக்கு அது படற பாட்டுலதான் சில சமயம் சிடி நின்னுபோகும். நீங்க சும்மா மவுஸை அசைச்சுக்கிட்டு, ஆடிப் பாடிக்கிட்டு இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

ஃபிட்டர் அவன் பக்கம் திரும்பினார்.

"ஆடாம அசையாம உக்காந்திருந்ததாலதான் கெட்டுச்சா?"

"நீங்க ஏன் கெடுதுன்னு எங்கிட்ட கேக்கவே இல்லை அத்தான். சும்மா சிடி ரைட் ஆகும்போது வராதேன்னு மட்டும்தான் சொன்னீங்க. நானும் ஏதோ உங்க வீட்டு வழக்கம்னு விட்டுட்டேன். அந்த மீனைப் போட்டதே நான்தான்." தம்பியின் குரல் உடைந்தது. "அவ கேட்டான்னு போட்டேன்."

ஃபிட்டர் எழுந்து சுவரோரம் போய், நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றார். அவ்வளவு பெரிய குரல் உள்ள மனிதர், சத்தமே இல்லாமல் அழுதார். தையல்காரி எழுந்து போகவில்லை. அழட்டும் என்றிருந்தது. எல்லாம் இந்த ஆளால் வந்தது, இந்த ஆளின் பாட்டுப் பைத்தியத்தால் வந்தது என்று மனசு கொதித்தது. அடுத்து வந்த நாளெல்லாம் அவள் அவரிடம் பேசிய பேச்சு, மருந்து எங்கே, சீட்டு எங்கே என்பதோடு சரி. வழியனுப்புக்கு அவர் போகவில்லை. சிடி அந்தத் தட்டிலேயே கிடந்தது.

ஒரு வாரம் கழித்துக் கட்டுப் பிரிக்கிற அன்று மூன்று பேரும் போனார்கள். வாலு உதட்டைக் கடித்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தாள். வீட்டிலும் இப்போது அப்படித்தான். கூப்பிட்டால் வந்தாள், கொடுத்தால் சாப்பிட்டாள். அவள் ஓடாததால் அலமாரி டம்ளர்கள் ஒரு வாரமாக ஆடவே இல்லை.

டாக்டரம்மா விரல் நுனியைத் தொட்டு, "சுண்டு விரலை லேசா அசை பாக்கலாம்" என்றார். கொஞ்சம் அசைந்தது. "நல்லது. மோதிர விரலுக்கு நாள் பிடிக்கும். மடங்கலாம், முழுசா மடங்காமலும் போகலாம். பயிற்சி குடுப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நர்ஸம்மா கட்டைப் பிரிக்க ஆரம்பித்தாள். கடைசிச் சுற்றுத் துணி காயத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மருந்துத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, மெல்ல இழுத்தாள். வாலுவின் உடம்பு வில்லாக வளைந்தது. கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

"வலிச்சா கத்திரு கண்ணு" என்றாள் நர்ஸம்மா. "இங்க எல்லாரும் கத்துவாங்க. நேத்துகூட மீசை வெச்ச மாமா ஒருத்தர் கத்தினாரு."

"கத்துடா" என்று ஃபிட்டர் அவள் காலடியில் மண்டி போட்டார். "அப்பா சொல்றேன்ல, கத்துடா. அப்பா இனிமே எதுவும் சொல்ல மாட்டேன். சாமி சத்தியமா சொல்ல மாட்டேன்."

வாலு அப்பாவைப் பார்க்கவே இல்லை. தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள். அன்று மேஜைக் கால் பக்கத்திலிருந்து பார்த்த அதே பார்வை.

"கத்தினா நான் அவுட்டுதானேம்மா?" என்று கேட்டாள்.

ஒரு வாரமாகத் தையல்காரி இந்த மனுஷனைத்தான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை பயந்தது அப்பாவுக்கு இல்லை. அப்பா ஒரு தடவை கத்தினார், அதோடு போயிற்று. பிள்ளையின் வாயைக் கட்டிப்போட்டது இவள்தான். சிரித்துச் சிரித்துக் கொஞ்சிக் கொஞ்சிக் கட்டிப்போட்டது.

நர்ஸம்மா துணியின் நுனியை மறுபடி பிடித்தாள். தையல்காரி வாயைத் திறந்தாள். அடிவயிற்றிலிருந்து வந்தது ஒரு கத்தல். பெற்றபோதுகூட அப்படிக் கத்தியிருக்க மாட்டாள். ஃபிட்டர் திடுக்கிட்டுப் பின்னால் விழுந்தார். நர்ஸம்மா கையிலிருந்த கத்தரி கீழே விழுந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, தரையைக் காலால் ஓங்கி ஓங்கி உதைத்துக்கொண்டு, அவள் மறுபடியும் கத்தினாள்.

வாலு திறந்த வாய் மூடாமல் பார்த்தாள்.

"அம்மா அவுட்டு" என்றாள்.

"ஆமாடி. அம்மா அவுட்டு. நான்தான் முதல்ல. ஆட்டம் முடிஞ்சுபோச்சு, கத்துடி என் தங்கம்."

நர்ஸம்மா துணியை ஒரே இழுப்பாக இழுத்தாள். வாலு கத்தினாள். அடேயப்பா, என்ன கத்தல்! ஒரு வாரத்துக் கத்தல், அதற்கு முன்னால் அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளின் கத்தல் எல்லாம் சேர்ந்து வந்தது. அப்பாவைத் திட்டினாள், நர்ஸம்மாவை உதைத்தாள், அம்மாவின் தலைமுடியைப் பிடித்து உலுக்கினாள்.

வராந்தாவிலிருந்து இரண்டு பேர் பதறிப்போய் ஓடி வந்து கதவில் எட்டிப்பார்த்தார்கள். தையல்காரி முடியை விடுவித்துக்கொள்ளாமலே தலையைத் திருப்பி, "ஒண்ணுமில்லைங்க, என் பொண்ணுதான்" என்றாள்.